கம்பனி எச்: ஒரு காலாட் சிப்பாயின் சாட்சியம்

போரைப் பாடிய புலவர் நம் மொழியிற் பலர். வெட்சி முதலாகப் போரொழுக்கத்தைத் திணையும் துறையுமாக வகுத்து இலக்கணஞ் செய்த மொழி தமிழ். ஆயிரம் யானைகளை அமரில் வென்ற வீரனுக்கென்றே பரணி என்னும் பிரபந்த வகையையும் நம் முன்னோர் கண்டனர். ஆயினும் அந்நூல்களில் நாம் காண்பவன் வாளேந்திய மன்னன். நாம் கேட்பது அவனைப் பாடிய புலவனின் குரல். மன்னனுக்கு முன்னே வேலேந்திச் சென்ற பெயரறியாக் காலாள், தான் பட்டதைத் தன் வாயாலேயே சொல்லக் கேட்பது அரிது. அவனிடம் எழுத்தில்லை, எழுத்திருந்தாலும் அவன் சொல்லைக் கேட்பாரில்லை.

பிற நாட்டோடு பொரும் போர் ஒன்று. ஒரு குடிக்குள்ளேயே மூளும் போர் வேறொன்று. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைத்திருக்க, நலங்கிள்ளி அதனை முற்றியிருந்த காலத்தில், இருவருஞ் சோழரே என்பதை எடுத்துக்காட்டி அப்போரைத் தடுக்க முயன்றார் கோவூர்கிழார். புறநானூற்றில் இடம்பெற்ற அச்செய்தி, தாயத்தாருக்குள் நிகழும் போரில் வெற்றி என்பதற்கே பொருளில்லை என்னும் உண்மையை நமக்கு உணர்த்துகின்றது. உள்நாட்டுப் போர் என்னுஞ் சொல்லின் பொருளை இந்நாட்டு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2009 ஆம் ஆண்டு வரை அதனை நாம் வாழ்ந்தே அறிந்தோம். அத்தகைய போரொன்றிற் புகுந்து, நான்கு ஆண்டுகள் சிப்பாயாக நின்று, மீண்டு, தான் கண்டதை எழுதிவைத்த ஒருவனைப் பற்றியதே இக்கட்டுரை. அவன் நம் நாட்டினன் அல்லன். நம் காலத்தவனும் அல்லன். ஆயினும் அவனை எவ்வாறு வாசிப்பது என்னும் வினா நமக்கும் உரியதே.

நூலும் ஆசிரியனும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தென் மாநிலங்கள் பதினொன்று ஒன்றியத்தினின்று பிரிந்து தனிக் கூட்டாட்சி அமைத்தன. பிரிவை ஏற்க மறுத்த ஒன்றியம், ஆபிரகாம் இலிங்கன் தலைமையில் அவற்றோடு பொருதது. அப்போரில் மடிந்தோர் தொகை 620,000 என நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2011 ஆம் ஆண்டில், குடிசன மதிப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஒருவர், அது 750,000 அளவினதாகலாம் என மதிப்பிட்டார்.

சாம் வாற்கின்ஸ் என்பவர் தெனசி மாநிலத்திலே, மோரி என்னும் மாவட்டத்தில், கொலம்பியா நகரின் அருகே 1839 இற் பிறந்தவர். தெனசி பிளவுபட்ட மாநிலம். 1861 ஜூன் மாதம் அது பிரிவினைக்கு வாக்களித்தபோது, அதன் கிழக்குப் பகுதி எதிர்த்து வாக்களித்தது. அம்மாநிலத்து ஆடவர் பல்லாயிரவர் தென்படையிற் சேர, வேறு பல்லாயிரவர் வடபடையிற் சேர்ந்தனர். இருபத்தொரு வயதினரான வாற்கின்ஸ் தென்படையிற் சேர்ந்தார். தெனசி முதலாம் காலாட்படையின் 'எச்' கம்பனியில் அவர் ஒரு சிப்பாய். மாதச் சம்பளம் 11 டொலர்.

போர் முடிந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், தம் ஊர்ப் பத்திரிகையாகிய 'கொலம்பியா ஹெரல்ட்' இதழில் 1881 முதல் 1882 வரை அவர் தம் நினைவுகளைத் தொடராக எழுதினார். அத்தொடர் 1882 இல் நூலாக வந்தது. 'எச்' என்னும் எழுத்தின் பெயரை வாயால் ஒலிக்கும் முறையிலேயே எழுத்துக்கூட்டி நூலுக்குத் தலைப்பிட்டார். பெருங் காட்சியின் ஓரத்தே நடக்கும் சிறு காட்சி எனத் தம் நூலுக்குத் துணைப்பெயரும் இட்டார். பிள்ளைகள் முழங்காலைச் சுற்றி விளையாட எழுதிய எழுத்து அது. நாட்குறிப்போ ஆவணமோ அவரிடம் இல்லை. நாளும் கணக்கும் வேண்டுவோர் வரலாற்று நூல்களுக்குச் செல்க என்று அவரே கூறிவிடுகின்றார். தளபதிகளின் வரலாறு தளபதிகளால் எழுதப்பட்டுவிட்டது. சுட்டவரும், சுடப்பட்டவரும், அகழி தோண்டியவரும், இரவெல்லாங் காவல் நின்றவரும் பேசுவது எப்போது என்பதே அவர் வினா.

அந்நூல் நெடுங்காலம் சிலர் மட்டுமே அறிந்ததாயிருந்தது. 1990 இல் கென் பேர்ன்ஸ் தயாரித்த தொலைக்காட்சித் தொடரில் அவர் சொற்கள் பலமுறை ஒலித்தபின், அமெரிக்க மக்கள் பலர் அவரை அறிந்தனர்.

சிப்பாயின் கண்

போரென்றால் நாம் நினைப்பது களம். வாற்கின்ஸ் காட்டுவதோ பெரும்பாலும் களத்துக்கு வெளியேயுள்ளது: பனி, பசி, பேன், நடை, காத்திருப்பு. 1862 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வேர்ஜீனியா மலைப்பகுதியிற் காவல் மாற்றச் சென்ற அவர், முன்னே நின்ற காவலாளர் 11 பேரைக் கண்டதாக எழுதுகின்றார். சிலர் அமர்ந்திருந்தனர், சிலர் கிடந்தனர். அழைத்தும் விடையில்லை. அத்தனை பேரும் காவலிடத்திலேயே குளிரில் உறைந்து மாண்டிருந்தனர். பகைவன் ஒருவனும் அங்கு வரவில்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

பசியைப் பற்றி அவர் சொல்வதும் இத்தகையதே. 1863 இல், சட்டனூகா நகரில் தங்கியிருந்த தென்படைக்கு உணவு அரிதாயிற்று. எலி பிடித்துச் சமைக்கும் நிலை வந்தது. வாற்கின்ஸும் தோழரும் ஓர் எலியைத் துரத்திப் பிடித்து, உப்பிட்டு வாட்டினர். உண்ணும் வேளையில் அவருக்குக் கை எழவில்லை. பிடிக்கும்போது அவ்வெலியின் வாற்றோல் உரிந்து கையோடு வந்த நினைவு தடுத்தது. நகைச்சுவையாகவே அதனைச் சொல்கின்றார். வாசிப்பவர் நகைத்து முடிக்கும் முன்பே நகை அவிந்துவிடுகின்றது. அவர் நூல் முழுவதிலும் இப்பண்பைக் காணலாம்.

களத்திலே அவர் கைக்கொண்ட நெறி ஒன்று உண்டு. அதிகாரிகளை அவர் குறிவைப்பதில்லை. எதிரே நிற்கும் சிப்பாயையே சுடுவாராம். அதிகாரி வாளை வீசிக் கூவுவானேயன்றிச் சுடுவதில்லை; சுடுபவன் சிப்பாயே; அவனைச் சாய்த்தால் தாம் பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்பது அவர் கணக்கு. இதிற் பகைமையும் இல்லை, வீரமும் இல்லை. தன்னைப் போன்ற ஏழை ஒருவனைத் தேர்ந்து கொன்றால்தான் தான் வாழலாம் என்னும் நிலைக்கு ஒருவனை உள்நாட்டுப் போர் கொண்டுவந்து நிறுத்துகின்றது. அதனை மறைக்காமற் சொன்னதிலேயே இந்நூலின் நேர்மை விளங்குகின்றது.

1863 செப்டெம்பர் 19, 20 ஆகிய நாட்களில் நடந்த சிக்கமோகாப் போரில், இருதரப்பிலும் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 34,000 பேருக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். தென்படை வென்றது. வெற்றியைப் பற்றி வாற்கின்ஸ் அதிகம் பேசவில்லை. அன்றிரவு விளக்கேந்திய பெண்கள் பிணங்களிடையே தம்மவரைத் தேடித் திரிந்ததையே சொல்கின்றார். ஒருத்தி குனிந்து ஒரு முகத்தைத் திருப்பிப் பார்க்கின்றாள், இனங்காண்கின்றாள், அலறுகின்றாள். அந்த அலறலுக்கு வடக்குமில்லை, தெற்குமில்லை.

நினைவு எங்கே பிழைக்கின்றது?

வாற்கின்ஸின் மனம் மாறிய இடம் களத்தில் இல்லை. ஒரு சட்டத்தில் உள்ளது. தொடக்கத்தில் அவரும் தோழரும் பன்னிரண்டு மாதத்துக்கே ஒப்பமிட்டனர். அத்தவணை முடியும் காலத்தில், 1862 ஏப்ரில் 16 அன்று, தென்னரசு கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தாமாக வந்தவர் வீடு திரும்பலாகாது. போர் நீளும்வரை நிற்கவேண்டும் என்றாயிற்று. அன்றுமுதற் சிப்பாய் ஓர் இயந்திரமானான் என்பது அவர் கருத்து. அதனோடு மற்றொரு விதியும் வந்தது. இருபது அடிமைகளையுடைய தோட்டத்துக்கு ஒருவர் வீதம் படைச்சேவையினின்று விலக்குப் பெறலாம் என்பது அது. செல்வர் மூட்டிய போர், ஏழையர் பொரும் போர் என்னும் பேச்சுப் பாசறையெங்கும் பரவியது.

இங்கே நுணுகி நோக்கற்குரிய ஒன்றுண்டு. இவ்விரண்டும் 1862 வசந்த காலத்திலே, படை கொரிந்து என்னும் ஊரில் தங்கியிருந்தபோது ஒருங்கே நிகழ்ந்தனபோல வாற்கின்ஸ் எழுதுகின்றார். உண்மையில் இருபது அடிமை விதி அவ்வாண்டு ஒக்டோபர் 11 ஆம் நாளே சட்டமாயிற்று. ஆறு மாத இடைவெளியை அவர் நினைவு அழித்துவிட்டது. இதனைப் பிழையென்று குறித்து அப்பாற் செல்லலாம். ஆயினும் இப்பிழை நமக்கு ஒன்றைச் சொல்கின்றது. அவர் நெஞ்சில் இரண்டும் ஒரே காயம். ஆகவே ஒரே நாளிற் பட்டதாகவே அவர் நினைவுகூர்ந்தார். சிப்பாயின் நினைவு நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை, வலியைப் பின்பற்றுகின்றது. வரலாறு கற்பிப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அவனிடம் நாளைக் கேட்டால் தவறுவான். நோவைக் கேட்டால் தவறமாட்டான்.

அக்காலத்திலேயே படையைவிட்டு ஓடியவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தோழர் கண்முன்னே, தோழர் கையாலேயே அது நிறைவேறியது. அவ்வாறு கொல்லப்பட்ட ஒருவன், இறுதியில் நீர் கேட்டு வாங்கிப் பருகியதையும், தான் போகுமிடத்தில் நீர் கிடைப்பதரிது என்று எள்ளியதையும் வாற்கின்ஸ் குறிக்கின்றார். கண்டித்தும் எழுதவில்லை, நியாயம் பேசியும் எழுதவில்லை. தண்டித்த தளபதி பிராக் என்பவரை மட்டும் அவர் இறுதிவரை மன்னிக்கவில்லை.

கெனசோ மலை

1864 ஜூன் 27. ஜோர்ஜியா மாநிலத்துக் கெனசோ மலையில் தென்படை மண்ணரண் அமைத்து நின்றது. தளபதி ஷேர்மன் ஏவிய வடபடை கடும் வெயிலில் மலைச்சரிவில் ஏறிவந்தது. தெனசிப் படை நின்ற மூலைக்கு 'மரண மூலை' என்னும் பெயர் அன்று அமைந்தது. அருகருகே நின்று சுட்டனர். துப்பாக்கி சூடேறிப் பிடிக்கவொண்ணாதாயிற்று. வடவீரன் ஒருவன் வாற்கின்ஸை நோக்கிப் பாய்ந்து சுடப்போன வேளை, உடனுண்டு உடனுறங்கிய தோழனொருவன் அத்துப்பாக்கியின் வாயைத் தன் கையாற் பற்றி, குண்டைத் தான் ஏற்றான். அவனைத் தூக்கிச் செல்லும்போது, தான் ஒரு பெண்ணின் பெயரிட்டுப் போற்றிய துப்பாக்கியை வாற்கின்ஸுக்கே விட்டுச்சென்றான். வாற்கின்ஸ் தம் உயிர் யாருடைய கொடை என்பதை அறிந்தே எஞ்சிய நாட்களை வாழ்ந்தார்.

அதே நாளில், அதே மலையில், அயலே நின்ற ஆர்க்கன்சாப் படையின் முன் மற்றொன்று நிகழ்ந்தது. வெடிப்பொறியால் உலர்ந்த புதரிலும் சருகிலும் தீப்பற்றியது. காயமுற்று எழமாட்டாது கிடந்த வடவீரர் உயிரோடு வேகத் தொடங்கினர். தென்படை அதிகாரி வில்லியம் மார்ட்டின் வெண்துணியை உயர்த்தி அரண்மேல் ஏறி, உங்கள் ஆட்களைத் தூக்கிச் செல்லுங்கள் எனக் கூவினார். சுடுதல் நின்றது. சற்றுமுன் சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒன்றாய் இறங்கிக் காயமுற்றோரைத் தீயினின்று மீட்டனர். மீட்பு முடிந்ததும் மீண்டுஞ் சுட்டனர்.

மனிதர் அந்தச் சிறு பொழுதில் மனிதராயினர் என்று இதனைப் புகழ்வோர் பலர். புகழத்தக்கதே. ஆயினும் தீயில் எரிவோனைக் காக்கும் இரக்கம் இருதரப்பிலும் இருந்தது. அவ்விரக்கம் போரை நிறுத்தப் போதவில்லை என்பதையும் நாம் கூடவே காணவேண்டும். இரண்டு நாள் கழித்து, பிணநாற்றம் பொறுக்கவொண்ணாததாக, இருதரப்பும் மீண்டும் போர்நிறுத்தஞ் செய்து பிணங்களைப் புதைத்தன. மறுபடியும் போர் தொடர்ந்தது.

முடிவும் மிச்சமும்

அத்லாந்தா நகர் வீழ்ந்தது. நவம்பர் 30 அன்று பிராங்கிளின் என்னுமிடத்தில், தளபதி ஹூட் தம் படையைத் திறந்த வெளியினூடாகப் பகைவர் அரண்மேல் ஏவினார். ஐந்து மணி நேரத்தில் தென்படையில் 6,000 பேருக்கு மேல் வீழ்ந்தனர். தளபதிகளிலும் அறுவர் மாண்டனர். எதையுஞ் சொல்லத் தயங்காத வாற்கின்ஸ், இக்களத்தைத் தம்மால் விவரிக்க இயலாதெனப் பேனாவைத் தாழ்த்துகின்றார். அடுத்த மாதம் நாஷ்விலில் அப்படை உடைந்தது. தோல்வியுற்ற இரவில், முன்னரே ஒரு காலையும் ஒரு கையின் இயக்கத்தையும் இழந்திருந்த ஹூட், எஞ்சிய கையால் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு அழுததை, காயமுற்றோர் விடுப்புச் சீட்டுக்காகச் சென்ற இச்சிப்பாய் கண்டார். அவரைப் பழித்து அங்கே ஒரு சொல்லும் எழுதவில்லை.

1865 ஏப்ரில் 26 அன்று வட கரோலைனாவில் அப்படை சரணடைந்தது. 1861 இற் கம்பனியிற் சேர்ந்த 120 பேருள் அன்று அணியில் நின்றோர் எழுவர். வாற்கின்ஸ் அவருள் ஒருவர்.

சொல்லாமல் விட்டது

இதுகாறும் அவர் சொன்னதைக் கேட்டோம். இனி அவர் சொல்லாததையும் கேட்டல் வேண்டும். கேளாவிடின் நம் வாசிப்பு அரைகுறையே.

1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, தென்னாட்டில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். வாற்கின்ஸ் பிறந்த மோரி மாவட்டத்திலேயே, மக்களுள் ஐந்திலிருவருக்குக் குறையாதோர் அடிமைகள். அவர் உண்ட சோளத்தை விளைவித்தவரும், அவர் நின்ற மண்ணரணை வெட்டியவருட் பலரும் அவர்களே. ஆயினும் இந்நூலில் அவர்கள் ஓரத்திலே நிழல்போல நிற்கின்றார்களேயன்றி, பேசுவோராக வருவதில்லை. மாநில உரிமைக்காகவே போர் நடந்ததென்று வாற்கின்ஸ் சொல்லிச் செல்கின்றார். அவ்வுரிமை யாருடைய உரிமையின்மைமேல் நின்றது என்பதை அவர் வினாவவில்லை.

இருபது அடிமை விதியை அவர் எவ்வளவு வெகுண்டு கண்டித்தார்! அச்சட்டத்திற் செல்வர்க்கும் ஏழைக்குமிடையே உள்ள அநீதியை அவர் கண் நன்றாகக் கண்டது. ஆனால், அச்சட்டத்தில் எண்ணப்பட்ட அந்த இருபது பேரும் மனிதர் என்னும் பெரிய அநீதி அதே கண்ணுக்குப் புலப்படவில்லை. 1864 ஒக்டோபர் 13 அன்று ஹூட்டின் படை டால்ட்டன் என்னும் ஊரைக் கைப்பற்றியபோது, வடபடையிற் சேர்ந்திருந்த கறுப்பினச் சிப்பாய்கள் ஏறத்தாழ 600 பேர் சிறைப்பட்டனர். வெள்ளையரான அவர்தம் அதிகாரிகள் விடுவிக்கப்பட, அவருட் பலர் மீண்டும் அடிமைத்தளைக்கே அனுப்பப்பட்டனர். அவர்களும் காலாட் சிப்பாய்களே. அப்போரில் வடபடையிற் பணிபுரிந்த கறுப்பின வீரர் ஏறத்தாழ 180,000 பேர்.

நாட்டுக்கு வடக்கில்லை, தெற்கில்லை. நாம் ஒன்றே என்னும் கருத்தை நூலில் அவர் வலியுறுத்துகின்றார். பொருத இருவர் கைகோப்பது நன்றே. ஆனால் அந்நூல் வந்த 1882 ஆம் ஆண்டுக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, விடுதலைபெற்ற கறுப்பின மக்களைக் காக்க நின்ற ஒன்றியப் படை தென்னாட்டிற் காவலை விட்டு ஒதுங்கிவிட்டது. அதன்பின் அம்மக்களின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது. பொருத சகோதரர் இருவரும் சமாதானமாயினர். எவர் பொருட்டுப் போர் மூண்டதோ அவர் அச்சமாதானப் பந்தியில் இடம்பெறவில்லை.

ஆதலின் இச்சிப்பாயைத் தள்ளிவிடலாமோ? ஆகாது. அவர் பொய் சொல்லவில்லை. தாம் நின்ற அகழியிலிருந்து தெரிந்த அளவைச் சொன்னார். அது தளபதிகளின் நூல்கள் பலவற்றில் இல்லாத உண்மை. பனியில் உறைந்தவரையும், விளக்கேந்திய பெண்களையும், பெயரிட்ட துப்பாக்கியை விட்டுச்சென்ற தோழனையும் அவரன்றி நமக்குச் சொல்வார் யாருளர்? அகழிக்கு ஆழம் உண்டு, அகலம் இல்லை. ஒருவன் சாட்சியத்தை மெய்யென ஏற்றல் ஒன்று. அதுவே முழுமை எனக் கொள்ளுதல் வேறொன்று. முதலாவது நீதி, இரண்டாவது அநீதி.

மாணவர் கையிற் போர்நூல் ஒன்றைக் கொடுக்கும் ஆசிரியர், இரண்டு வினாக்களையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும். இவன் எங்கே நின்று பார்த்தான் என்பது ஒன்று. அங்கிருந்து யாரைப் பார்க்க முடியவில்லை என்பது மற்றொன்று. முதல் வினாவை நாம் எப்போதும் பகைவர் நூல்களிடம் கேட்கின்றோம். இரண்டாவதை எவரிடமுங் கேட்பதில்லை. நம்மவர் எழுதிய நூல்களிடமும் இவ்விரண்டையுங் கேட்கப் பழகும் நாளிலேதான், கோவூர்கிழார் உறையூர்க் கோட்டை வாயிலில் நின்று சொன்னது நம் செவியில் ஏறியதாகக் கொள்ளலாம்.